மாமாவின் தலையும் ஒரு பழைய ஹோட்டலும்

பழைய கட்டடங்களைப் பற்றி நிறைய வாசித்த ஒருவனை நம்பி, ஒரு பழைய கட்டடத்துக்குள் நுழையாதீர்கள். எந்த மரம் எந்தக் காலத்தது என்று அவனுக்குத் தெரியும். அது எந்த உயரத்தில் இருக்கிறது என்பது தெரியாது. இதை இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், அந்த ஒருவன் நானே.

பதின்மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசி முதல் ஞாயிறு, என்னுடைய கலியாணப் பேச்சு. நாங்கள் கிழக்கு லண்டனில் பிளேஸ்டோ. பெண்வீட்டார் ஜேர்மனியில் இருபது வருடம் இருந்துவிட்டு மேற்கு லண்டன் ஹவுன்ஸ்லோவுக்கு வந்தவர்கள். சாதகம் பொருந்திவிட்டது. பெண்ணும் நானும் ஒருவரையொருவர் பார்ப்பதுதான் மிச்சம். வழக்கமாக இதற்குக் கோயிலைச் சொல்வார்கள். ஆனால் கோயிலில் பார்த்து, பிறகு சரிவராமல் போனால், பூசை முடிவதற்குள் செய்தி வால்தம்ஸ்டோவைத் தாண்டிவிடும். எனக்கு ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. மூன்றாவதும் போனால் பெடியனில்தான் ஏதோ பிழை என்று சனம் முடிவுகட்டிவிடும் என்று அம்மா பயந்தார். (சனம் முடிவுகட்டி ஆறு மாதம் ஆகியிருந்தது. அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை.) ஆகவே, தெரிந்த முகம் ஒன்றும் இல்லாத ஒரு பொது இடம் தேவைப்பட்டது.

“இடத்தை நான் பாக்கிறன்” என்றேன்.

லண்டனிலிருந்து காரில் ஒன்றேகால் மணி நேரத்தில் ஒரு சின்னச் சந்தை நகரம். அதன் பெரிய தெருவில், குதிரை வண்டிக் காலத்து ஹோட்டல் ஒன்று. தெருவிலிருந்து பார்த்தால் செங்கல் முகப்பும் வரிசை பிசகாத வெள்ளை ஜன்னல்களுமாக ஜோர்ஜ் மன்னர்கள் காலத்து மிடுக்கு. அது வெறும் முகமூடி. அதன் பின்னால் நிற்பது அதைவிட இருநூறு வருடம் மூத்த மரவீடு. பார்ப்பவர்களுக்கு நாகரிகமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பழைய மரச்சட்டத்தின் முன்னால் புதுச் செங்கல்லைக் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். (கலியாணப் பேச்சுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் உண்டா?)

முன்கூட்டியே அங்கே மூன்று தரம் போனேன், கொப்பியும் அளவுநாடாவுமாக. ஜன்னல்களை அளந்தேன். மரப் பொருத்துகளில் தச்சர்கள் வெட்டிய அடையாளங்களைப் பார்த்து வரைந்தேன். வாசற்பலகையில் போட்டிருந்த ஆண்டு பிழையானது என்று முகாமையாளருக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். (பதில் வரவில்லை.) ஒவ்வோர் அறைவாசலுக்கு மேலும் குறுக்கே போன உத்தரத்தைப் பற்றித் தனிக் குறிப்பு இருந்தது: ஓக் மரம், கைக்கோடரியால் செதுக்கியது. நிலத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பதை மட்டும் எழுதவில்லை. தோன்றவேயில்லை. நான் ஐந்தடி நாலு அங்குலம். மூன்று தரமும் அந்த உத்தரங்களுக்குக் கீழே ராசா மாதிரி நடந்து போய்வந்தவன்.

பெண்ணின் தந்தை ஆறடி இரண்டு அங்குலம்.

எங்கள் ஆட்களிடம் ஒரு முறை உண்டு. வெளிக்கிடும்போது வாசல்நிலை தலையில் இடித்தால் அப்படியே போகக்கூடாது. திரும்பி வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். மற்றவர்களுக்கு இது சம்பிரதாயம். பெண்ணின் பெரியம்மாவுக்குச் சட்டம். போகும்போது இடித்தாலும் வரும்போது இடித்தாலும் அவருடைய சட்டம் ஒன்றுதான்.

நான் பதிவுசெய்திருந்த மேசை ஆகக் கடைசி அறையில். அதற்குப் போக நாலு வாசல்.

முதலாவது, பன்னிரண்டு இருபதுக்கு. நல்ல மரம், சத்தத்திலேயே தெரிந்தது. “இருங்கோ” என்றார் பெரியம்மா. எல்லோரும் இருந்தோம். தண்ணீர் வந்தது. குடித்து முடிவதற்குள், உத்தரம் ஏன் இவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்பதை விளக்கினேன். உத்தரம் தாழவில்லை; தலைமுறை தலைமுறையாகத் தளத்துக்கு மேல் தளம் போட்டதில் நிலம்தான் உயர்ந்தது. பெண்ணின் தந்தை தலையைத் தடவியபடி கேட்டுக்கொண்டார்.

இரண்டாவது, பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு. இருந்தோம், தண்ணீர் குடித்தோம். மூன்றாவது வாசலில் மனிதர் சரியாகத்தான் குனிந்தார். ஒரு அடி முந்தி நிமிர்ந்துவிட்டார். அங்கே பின்னால் இன்னோர் உத்தரம் இருந்தது. (கொப்பியில் பக்கம் பதினொன்று.) இந்த முறை பரிசாரகப் பெண் கேளாமலே தண்ணீர்ச் சாடியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, சாப்பிடும் உத்தேசமும் இருக்கிறதா என்று பணிவாக விசாரித்தாள்.

அவர் என்னைக் கிட்டக் கூப்பிட்டார். “தம்பி, இது எந்த ஆண்டு எண்டதைப் பிறகு ஆறுதலாக் கேக்கிறன். இப்ப கொஞ்சம் ஐஸ் எடுக்கேலுமோ?”

ஐஸை ஒரு துணியில் சுற்றிக் கொடுத்தேன். கொடுக்கும்போதே ஆண்டையும் சொன்னேன்.

அம்மா என் கையைக் கிள்ளினார். “வாயை மூடடா. அந்த மனுசன்ரை தலையைப் பார்.”

நாலாவது வாசலில் அவர் குனிந்த குனிவில் பிழை இல்லை. ஐஸை உச்சந்தலையில் பிடித்திருந்த கையை அவர் கணக்கில் எடுக்கவில்லை. கை இடித்து, ஐஸ் நாலாபக்கமும் சிதறியது. மேசைக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டோம். ஆனால் பெரியம்மா சாப்பாட்டைப் பார்க்கவில்லை.

“நாலு வாசலும் மறிச்சுப்போட்டுது. தெய்வம் இதைவிட எப்பிடிச் சொல்லும்? இது சரிவராது. வீட்டை போவம்.”

அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. மூன்றாவது இடமும் போயிற்று. ஆனால் போக முடியாது. இடித்திருக்கிறதே, முதலில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்க வேண்டும். பெரியம்மாவின் சட்டமே பெரியம்மாவை இருத்தியது.

அந்த ஒரு கிளாஸ் தண்ணீர் நேரத்தில்தான் பெண் முதன்முதலாக வாய் திறந்தாள். பெயர் வாசுகி. ஐந்தடி ஏழு அங்குலம். (ஓம், என்னைவிட. சாதகத்தில் உயரத்துக்குக் கட்டம் இல்லை.) நாலு வாசலிலும் அமைதியாகக் குனிந்து வந்தவள். உத்தரத்தில் அறைந்திருந்த சின்னப் பித்தளைத் தகட்டைக் காட்டினாள். தலை கவனம் என்று ஆங்கிலத்தில் வெட்டியிருந்தது. அதேபோல ஒன்று ஒவ்வொரு வாசலிலும் இருந்தது.

“மூண்டு தரம் வந்து பாத்தனான் எண்டு சொன்னீங்கள். இதைப் பாக்கேல்லையோ?”

“பாத்தனான்” என்றேன். பொய்யில்லை, கொப்பியில் இருக்கிறது. “ஆனா அது மரத்தோடை வந்ததில்லை. எழுத்தின்ரை வடிவத்தைப் பாத்தால் விக்டோரியா ராணி காலம்.”

“என்ன எழுதிக் கிடக்கெண்டு வாசிக்கேல்லை?”

நான் யோசித்தேன். “இல்லை” என்றேன்.

அவளுடைய தந்தை சிரிக்கத் தொடங்கினார். தலையைப் பிடித்துக்கொண்டு, நோகுது நோகுது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

“இது சிரிக்கிற விசயமே? சகுனம்” என்றார் பெரியம்மா.

“பெரியம்மா, இடிச்சது அப்பாவுக்கு. அவருக்குக் கலியாணம் முடிஞ்சுது” என்றாள் வாசுகி. “நான் நாலு வாசலும் இடிபடாமல்தானே வந்தனான்?”

பெரியம்மா மிச்சத் தண்ணீரைக் குடிக்கும்வரை யோசித்தார். அவருடைய சட்டத்தில் இதற்கு மறுப்பு இருக்கவில்லை. “அப்ப ஏதும் சாப்பிடுவம்” என்றார்.

லண்டன் பஞ்சாங்கப்படி அன்று நாலு முப்பத்தைந்துக்கு ராகுகாலம். அதற்குள் வெளிக்கிட வேண்டும் என்று, பொலிஸ்காரர் ஆளை வண்டியில் ஏற்றுவதுபோல் வாசுகி தகப்பனின் பிடரியை அமத்தி நாலு வாசலையும் கடத்தினாள். முற்றத்துக்கு வந்து தெருப்பக்க வளைவைக் கடக்கும்போதும் மனிதர் குனிந்தார். கூரைமேல் ஆட்களை ஏற்றிய குதிரை வண்டிகள் போய்வந்த வளைவு அது. அதன் உயரம் எனக்குத் தெரியும். “மாமா, இந்த வளைவு” என்று தொடங்கினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் தூக்கித் தலையைப் பொத்திக்கொண்டார்.

மூன்றாம் நாள் ஹவுன்ஸ்லோவிலிருந்து சம்மதம் வந்தது, ஒரேயொரு நிபந்தனையோடு: கலியாண மண்டபத்தை மாப்பிள்ளை தெரிவுசெய்யக்கூடாது.

அன்றிலிருந்து நான் எந்த ஆண்டைச் சொல்லத் தொடங்கினாலும் மாமாவின் கைகள் தலைக்குப் போய்விடும். அவரைப் பார்த்து மைத்துனர்கள், மைத்துனர்களைப் பார்த்து மற்றவர்கள். தலையில் கைவைப்பது செத்தவீட்டுச் சகுனம் என்று பெரியம்மா தடுத்துப் பார்த்தார், பலனில்லை. போன கிழமை பிள்ளைகளோடு ஒரு பழைய தேவாலயத்தைக் காரில் கடந்தோம். “இந்தக் கோபுரம்” என்று தொடங்கினேன். பின் இருக்கையில் நாலு சின்னக் கைகள் உயர்ந்தன. ஓட்டிக்கொண்டிருந்த வாசுகி, தெருவிலிருந்து கண்ணை எடுக்காமல், ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்தாள்.