நடராஜா சர்வீஸின் இடது கால்

சிங்கப்பூரிலேயே பஸ்ஸையும் ரயிலையும் நம்பாத ஒரே மனிதர் எங்கள் ஜாலான் புசார் அலுவலகத்தில்தான் வேலை பார்த்தார். ஆபீஸ் கடிதங்களை ஊர் முழுக்க நடந்தே கொண்டுபோய்க் கொடுப்பார். அடையாள அட்டையில் என்ன பெயரோ, எங்களுக்கு அவர் ‘நடராஜா சர்வீஸ்’. முதலாளி கொடுத்த பஸ் கார்டை ஆடுகிற மேசைக்கு முட்டுக் கொடுத்திருந்தார்.

“பஸ் வர்றதுக்குள்ள நான் போயிட்டே வந்துடுவேன் லா!”

அறுபது தாண்டியதும் அவருக்குக் கடைகள்மேல் திடீர்க் காதல் வந்தது. சிராங்கூன் சாலையில் நாலு கடைக்கு ஒருமுறை நின்று கண்ணாடியை முறைப்பார். ஒரு சேலைக்கடைப் பெண் பொறுக்காமல், “அங்கிள், வீட்டுல கல்யாணமா?” என்று கேட்டுவிட்டாள். இவரோ கட்டைப் பிரம்மச்சாரி.

“இன்னும் முடிவாகலம்மா,” என்றார் கௌரவமாக.

விஷயம் வேறு. நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், நின்றால் விடும். வெளியே சொல்ல மானம் விடவில்லை. இடது சுண்டுவிரல் கறுத்த பிறகுதான், ரிசப்ஷனில் இருந்த என்னிடம் செருப்பைக் கழற்றிக் காட்டினார். உடனே டாக்ஸி பிடித்தேன். வழியெல்லாம், “நடந்திருந்தா இந்நேரம் போயிருக்கலாம்,” என்று புலம்பல்.

டாக்டர் ஒரு தமிழ்ப் பெண். காலுக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது, விட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரும் என்றார். நடராஜா சர்வீஸ் குனிந்து இடது முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“பைபாஸ் செஞ்சு பார்க்கலாம் அங்கிள். உங்க கால்லேருந்தே ஒரு ரத்தக்குழாய எடுத்து, அடைப்பத் தாண்டி இணைச்சிடுவோம்.”

“மெயின் ரோட்டுல ஜாம், சந்து வழியா விடுறீங்க. நான் காலம்பூரா செஞ்சதுதானே!”

“சிகரெட்ட விடணும். கறுத்த சுண்டுவிரல மட்டும் எடுத்துத்தான் ஆகணும்.”

பையிலிருந்த சிகரெட் பெட்டியை அங்கேயே குப்பைத்தொட்டியில் போட்டார். “விரல் போகட்டும்மா. அது என்னைக்கு நடந்துச்சு? சும்மா கூட வந்துச்சு.”

படிவத்தில் நெருங்கிய உறவு யார் என்று நர்ஸ் கேட்டபோது, என்னைக் காட்டி, “தங்கச்சி,” என்றார். அறுவை சிகிச்சை முடியும்வரை அந்தத் தங்கச்சி பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

இரண்டாம் நாள், நாலு அடி நடந்தால் போதும் என்றார்கள். வாக்கரைத் தள்ளிக்கொண்டு வார்டின் கடைசிவரை போய், அங்கே படுத்திருந்தவரிடம், “யாருக்காச்சும் ஏதாச்சும் கொடுத்து விடணுமா?” என்று கேட்டாராம்.

ஆறு வாரம் கழித்துப் பரிசோதனை. டாக்டர் பாதத்தில் ஒரு சின்னக் கருவியை வைத்தார். அதிலிருந்து ‘உஷ்... உஷ்...’ என்று, ரத்தம் ஓடுகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. மகன் பரிசு வாங்கும்போது அப்பா நிமிர்வாரே, அப்படி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“கேட்டுச்சா தங்கச்சி?”

“கேட்டுச்சு,” என்று அவர் செருப்பை எடுத்துக் காலடியில் வைத்தேன்.