பேர் எழுதிக் கெட்ட பந்து

கையெழுத்துச் சேகரிப்பான் என்றொரு ஜீவராசி உண்டு. எங்கள் ஒஹாயோ பக்கம் தெருவுக்கு ஒன்றாவது அகப்படும். வீடு நிறைய பேஸ்பால் பந்து வைத்திருப்பான். ஒன்றையும் எறிய மாட்டான். பபிள்கம் பொட்டலத்தோடு வந்த, ஆட்டக்காரர் படம் போட்ட பழைய அட்டையை மூக்கருகே கொண்டுபோய், அந்தக் காலத்து பபிள்கம் வாசனை இன்னும் அடிக்கிறது என்று சொக்கிப்போய் உங்களிடம் நீட்டுவான். நீங்கள் தொட்டீர்களோ, போச்சு. "ஓரத்தைப் பிடிங்க. மூலை மழுங்கிடும்." விருந்தாளிக்குக் காபிக்கு முன்னால் கையுறை கொடுக்கிற வீடு வேறெங்கே உண்டு?

அடுத்த வீட்டு வெண்டல் இந்த இனத்தில் முதல் தரம். அவன் உயிரே ஒரு பந்துக்குள்தான் இருந்தது. அவன் சின்ன வயதில் கோப்பை வென்ற எங்கள் ஊர் அணியில் எல்லோரும் அதில் கையெழுத்திட்டாயிற்று. பாக்கி, ரூஃபஸ் டில்மன் மட்டும். பந்து வீசுவதில் சூரர், கையெழுத்துப் போடுவதில் கஞ்சர். கிழவருக்கு இருமல் என்று கேள்விப்பட்டால் வெண்டலுக்குக் காய்ச்சல் வரும். அக்கறை அவர்மேல் என்று நீங்கள் நினைத்துக்கொண்டால் நான் என்ன செய்ய?

அதிசயமாக ஒரு சனிக்கிழமை அவர் எங்கள் தேவாலயக் கூடத்துக்கு ரசிகர்களுக்குக் கையெழுத்திட வந்தார். வெண்டலையும் அவன் மனைவி லொரெய்னையும் என் வண்டியில்தான் கூட்டிப்போனேன். வழி நெடுக ஒரே மந்திரம்: "அவர் பேரு மட்டும் போதும். என் பேர எழுதிட்டா பந்து கெட்டுச்சு. அப்புறம் ஒரு சேகரிப்பாளனும் திரும்பிப் பார்க்க மாட்டான்."

கிழவர் பேனாவைத் திறந்தார். "உன் பேரென்ன தம்பி?"

"வெண்டல். ஆனா அது வேண்டாம் ஐயா..."

'வெண்டல்' விழுந்த காதில் 'வேண்டாம்' விழவில்லை. 'என் அருமை நண்பன் வெண்டலுக்கு, அன்புடன் ரூஃபஸ்' என்று மிச்சமிருந்த இடம் முழுக்க நிறுத்தி நிதானமாக எழுதி, ஒரு சிரித்த முகமும் போட்டுக் கொடுத்தார்.

வண்டி நிறுத்துமிடத்திலேயே வெண்டல் தரையில் உட்கார்ந்துவிட்டான். "நாசமாப் போச்சு லொரெய்ன்."

"என்ன போச்சு? நம்ம வீட்டுல அத்தனை சாமான்லயும் ஊரான் பேருதான். இது ஒண்ணுலதான் உன் பேரு இருக்கு." அவள் பந்தைப் பிடுங்கிக்கொண்டு நாலடி தள்ளிப் போனாள். "கெட்டுப்போன பந்துக்கு என்னடா மரியாதை? பிடி."

பிடித்தான். திருப்பி வீசினான். வீட்டுக்கு வந்தும் இருட்டும்வரை புல்தரையில் இருவரும் எறிந்து விளையாடிய சிரிப்பு என் சமையலறை வரை கேட்டது. எனக்கே கண் கலங்கிவிட்டது. மனுஷன் திருந்திவிட்டான் என்று மறுநாள் ஒரு டஜன் டோனட்டோடு போய்ப் பார்த்தேன்.

பந்து கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது.

"தொடாதீங்க. அந்தப் புல் கறை அசல். லொரெய்ன் வீசுனது. அவகிட்டயும் ஒரு கையெழுத்துக் கேட்டிருக்கேன், யோசிச்சுச் சொல்றாளாம்."

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். அதற்கு முன் உங்கள் வீட்டு டிவி ரிமோட்டை எடுத்து, வாங்கிய நாளிலிருந்து அது போட்டிருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டு வாருங்கள், மேற்கொண்டு பேசலாம்.