மருதையன் வாங்கிய மனைவி விசா

ஒரு காட்டில், அதுவும் மழை எட்டிக்கூடப் பார்க்காத முள்காட்டில், மருதையன் என்ற முள்ளம்பன்றி வாழ்ந்துவந்தது. அது பிறந்தது ஆற்றுக்கு அப்பால் இருந்த பனிக்காட்டில். கிழங்கு தோண்டும் வேலைக்கு வந்த இடத்தில் செவந்தி என்ற உள்ளூர் முள்ளம்பன்றியைக் கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டது.

ஒருநாள் பனிக்காட்டிலிருந்து ஒரு கொக்கு சேதி கொண்டுவந்தது. மருதையனின் அம்மாவுக்குப் பார்வை போய்விட்டது. வளையில் துணைக்கு ஆளில்லை.

"ரெண்டு பேருமே போய் அங்கேயே இருந்துடலாம்," என்றது மருதையன்.

"பாஷை தெரியாத காட்டுல நான் என்னங்க பண்ணுவேன்?" என்று அழுதது செவந்தி. அழுதுகொண்டே மூட்டையும் கட்டியது.

ஆனால் செவந்தி அங்கே குடியேற மனைவி விசா வேண்டும். அதை முள்காட்டில் இருந்தபடியேதான் வாங்க வேண்டும். விசா அலுவலகத்தில் ஒரே கவுண்டர். கவுண்டரில் ஆமை. வரிசையில் நின்ற சில பிராணிகள் அங்கேயே குட்டி போட்டு, குட்டிகளுக்கும் இடம் பிடித்து வைத்திருந்தன.

ஒருவழியாக இவர்கள் முறை வந்தது.

"புருஷன் பொண்டாட்டிதான்னு என்ன ஆதாரம்?" என்று கேட்டது ஆமை.

மருதையன் கல்யாணப் படத்தை நீட்டியது.

"நடுவுல ஒரு எருமை படுத்து உருளலாம் போலிருக்கே! கட்டிப்பிடிச்ச படம் இல்லையா?"

"முள்ளு குத்துமே, சார்."

"அது உங்க குடும்ப விஷயம். அடுத்தது!"

அடுத்து வந்தது நரி. அதன் கைக்குள் ஒரு கோழி, கழுத்து நெரிபட நின்றது.

"சார், இவர் யாருன்னே எனக்கு..." என்று ஆரம்பித்தது கோழி.

"புதுப் பொண்ணு சார், வெட்கப்படுறா," என்றது நரி.

"அடடா, என்ன நெருக்கம்!" ஆமைக்குக் கண் கலங்கிவிட்டது. முத்திரை விழுந்தது.

வேறு வழியில்லாமல் முள்ளம்பன்றிகள் இரண்டும் குரங்கின் ஸ்டூடியோவுக்குப் போயின.

"இன்னும் கிட்ட வாங்க... இன்னும் கொஞ்சம்... சிரிங்க!"

கட்டிப்பிடித்தன. அந்த அலறலில் மரத்திலிருந்த பறவைகள் எல்லாம் பறந்துபோயின. மருதையனின் முள் செவந்தியின் தோளில் ஏறியது. செவந்தியின் முள் மருதையனின் கன்னத்தில் ஏறியது.

"உங்கம்மாவைப் பார்க்க நான் ஏன் குத்துப்படணும்?" என்று கத்தியது செவந்தி. ஆனால் பிடியை விடவில்லை. மாட்டிக்கொண்டதால் விடவும் முடியவில்லை.

குரங்கு பிடித்து இழுத்துப் பிரித்துவிட்டது. முட்கள் மட்டும் குத்திய இடத்திலேயே நின்றன.

படத்தைப் பார்த்து ஆமை தலையாட்டியது. "இதுதான் தாம்பத்யம். இனி அடையாளச் சோதனை மட்டும்தான் பாக்கி."

முள்ளம்பன்றிக்குக் கைரேகை எடுப்பதில்லை. ஆளுக்கொரு முள்ளைப் பிடுங்கி, அது எந்தக் காட்டில் முளைத்தது என்று பார்ப்பார்கள். குமாஸ்தா அணிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த முள்ளே வசதியாக இருந்தது. செவந்தியின் தோளில் ஒன்று, மருதையனின் கன்னத்தில் ஒன்று. பிடுங்கிக்கொண்டு போனது.

முடிவு வந்தது. செவந்தி பனிக்காட்டில் பிறந்தவள், விசாவே தேவையில்லை, இன்றே கிளம்பலாம். மருதையன் முள்காட்டுக்காரன், மனைவி அழைத்தால் பரிசீலிக்கப்படும்.

"சார், நான் பொறந்ததே அங்கதான்! அங்க இருக்கிறது எங்கம்மா!" என்று கதறியது மருதையன்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க," என்றது ஆமை.

"கெழவி தனியா கெடக்குறாங்க. நான் முன்னால போறேன், நீங்க பின்னாலயே வந்துடுங்க," என்று செவந்தி புறப்பட்டது.

மருதையன் தன் அம்மா வீட்டுக்குப் போக, செவந்தியின் கணவன் என்ற தகுதியில் விண்ணப்பித்துவிட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றது. வரிசை நகர்வதற்குள் கொக்கு மறுபடி வந்தது. செவந்தி சொல்லி அனுப்பியிருந்தது:

"அத்தையும் நானும் நல்லா இருக்கோம். பாஷையும் பழகிடுச்சு. உங்களைப் பத்தி நிறையச் சொன்னாங்க. நீங்க நிதானமா வாங்க."

நீதி: மனைவியை வெளிநாட்டுக்கு அழைத்துப் போக விரும்புகிறவர், விசா கைக்கு வரும்வரை அவரைத் தொடாமல் இருப்பதே நல்லது.