ஆடாத ஸ்டேண்டும் சர்வேயர் மாப்பிள்ளையும்

போட்டோ பிடிக்கிறவர்களில் இரண்டு வகை உண்டு. படம் எடுக்கிறவர்கள் ஒரு வகை, சாமான் வாங்குகிறவர்கள் மற்ற வகை. நான் இரண்டாவது வகை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்களுக்குத்தான் விஷயம் அதிகம் தெரியும். காட்டுவதற்குப் படம்தான் இருக்காது.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. கண்டி டவுனில் ஒரு காப்புறுதிக் கம்பெனியில் கிளார்க். மூடப்பட்ட ஒரு ஸ்டூடியோவின் தட்டுமுட்டுச் சாமான்களோடு ஒரு பழைய மரக் கமரா என் கைக்கு வந்து சேர்ந்திருந்தது. முன்னால் லென்ஸ், நடுவில் துருத்தி, பின்னால் மங்கலான ஒரு கண்ணாடி. தலையைக் கறுப்புத் துணியால் மூடிக்கொண்டு அந்தக் கண்ணாடியைப் பார்த்தால் உலகம் தலைகீழாகத் தெரியும். ஒவ்வொரு படத்துக்கும் கையகலத்தில் தனி பிலிம் போட வேண்டும். அந்த பிலிம் கடல் கடந்து வர வேண்டும். ஊரில் எல்லோரும் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து நொடியில் படம் பிடிக்கும் காலத்தில், நான் ஒரு படத்துக்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்வதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். (கேட்டவர்கள் மரியாதைக்குத் தலையாட்டினார்கள்.)

கமரா வந்துவிட்டது, அது நிற்பதற்குக் கால்தான் இல்லை. கல்யாண வீடியோ எடுக்கும் நண்பனிடம் ஓர் அலுமினிய ஸ்டேண்டை இரவல் வாங்கி, கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டு விறாந்தையில் வைத்துப் பார்த்தேன். ரோட்டில் பஸ் போனால் கண்ணாடிக்குள் எதிர்வீடு நடுங்கியது. லொறி போனால் கமராவே ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது. ஒரு விநாடி திறந்திருக்க வேண்டிய கமராவுக்கு இது சரிவராது.

அந்த நேரத்தில்தான் சுகந்தி ஒரு திகதி குறித்தாள். சுகந்தி ஹந்தானைத் தோட்டத்துப் பெண். மலையடிவாரப் பாடசாலையொன்றில் ஆசிரியை. ஒரு காப்புறுதிப் பத்திரத்தில் இருந்த பிழையைத் திருத்த எங்கள் கந்தோருக்கு வந்தவள், அந்தப் பிழை நான் செய்தது என்று தெரிந்த பிறகும் என்னோடு பேசிக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா செல்லமுத்து, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான அவர்களுடைய லயத்துக்குத் தலைவர்.

"அப்பாகிட்ட ஒங்களப் பத்திச் சொல்லிட்டேன்," என்றாள். "போட்டோ புடிக்கிறவருன்னு சொல்லியிருக்கேன். ஞாயித்துக்கெழம வந்து எங்க குடும்பத்த ஒரு படம் எடுங்க. அப்பா ஒங்களப் பாக்கட்டும். மத்தத அவருதான் சொல்லணும்."

போனிலேயே எடுத்தால் போதும் என்றும் சொன்னாள். நான் கேட்பேனா? பெண் கேட்கப் போகிற இடத்தில் போனை நீட்டுவதா? கமராவோடு போக வேண்டும். கமரா நிற்க வேண்டும். எனவே உலகத்திலேயே ஆடாத ஸ்டேண்டைத் தேடிப் புறப்பட்டேன்.

அது அக்குறணையில் கிடைத்தது. மாத்தளை ரோட்டோரம், பழைய இரும்புச் சாமான் விற்கும் ஒரு முஸ்லிம் நாநாவின் கடை. தண்ணீர்ப் பம்புகளுக்குப் பின்னால் சாய்ந்து நின்றது. மூன்று கால்களும் நல்ல வைரம் பாய்ந்த மரம். ஒவ்வொரு காலின் நுனியிலும் இரும்புக் கூர், அதை மண்ணில் மிதித்து இறக்க ஒரு சின்னப் படி. தலையில் வட்டமான தட்டு, அதன் நடுவில் கட்டைவிரல் தடிமனில் ஒரு பித்தளைத் திருகு. அதற்குக் கீழே கொக்கியில் ஒரு பித்தளைத் தூக்குக்குண்டு. கால்கள் முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாகப் பட்டை பட்டையாகப் பெயின்ட். காணி அளக்கிறவர்களின் ஸ்டேண்ட் என்று பார்த்தவுடனேயே தெரிந்தது.

நாநா, தான் குடித்துக்கொண்டிருந்த பிளேன்டீக் கிளாஸை அதன் தலையில் வைத்தார். காலை ஓங்கி ஓர் உதை விட்டார். வெளியே மாத்தளை பஸ்ஸும் உறுமிக்கொண்டு போனது. கிளாஸில் தேத்தண்ணி சலனமில்லாமல் இருந்தது. எனக்குக் கண்ணில் நீர் வராத குறை. உலோகம் அதிர்ச்சியை வாங்கித் திருப்பிக் கொடுக்கும், மரம் வாங்கித் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். அன்றுதான் கண்ணால் கண்டேன்.

காசு கொடுத்து முடித்தபிறகு நாநா ஒரு புத்தி சொன்னார். "தம்பி, இந்தப் பெயின்ட சொரண்டிப் போட்டு வார்னிஷ் அடிங்க. இல்லாட்டி பாக்கிற சனம் வேற மாதிரி நெனக்கும்."

என்ன நினைத்துவிடும்? அந்தச் சிவப்பும் மஞ்சளும்தான் அதற்குக் கம்பீரம் என்று எனக்குப் பட்டது. கொக்கியில் தொங்கிய குண்டையும் கழற்றவில்லை. பளபளவென்று அழகாக இருந்தது. கடைசல் பட்டறையில் ஒரு தகடு செய்து அந்தத் தடித்த திருகில் கமராவைப் பொருத்திக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சுகந்திக்குப் பத்து மணிவரை விசேட வகுப்பு. வந்த பிறகு என்னை வீட்டுக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. நான் எட்டரைக்கே போய்விட்டேன். ஒன்பது மணி வெயில் லயத்தின் மேல் சாய்ந்து விழும், பத்துக்கெல்லாம் மூடுபனி இறங்கிவிடும் என்று கணக்கு. லயத்துக்கு மேலே இருந்த மேட்டில், ஸ்டேண்டின் கூர்களை ஒவ்வொன்றாக மிதித்து மண்ணில் இறக்கினேன். குண்டு ஆடி ஆடி நின்றது. துருத்தி எவ்வளவு நீண்டிருக்கிறது என்று டேப் பிடித்து அளந்து, கொப்பியில் குறித்துக்கொண்டேன். கந்தோருக்குப் போடும் நீளக் கைச் சட்டை வேறு. பிறகு கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். தலைமுறை தலைமுறையாக அந்தச் சனங்கள் தோட்டத்து லயத்தில்தான் இருந்தார்கள். குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ், ஒரு சின்ன வீடும் நாலு மிளகாய்ச் செடியும் கொள்ளுமளவு காணி, சொந்தமாகத் தரப்படும் என்று அரசாங்கத்தில் வருடக் கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அளக்க ஒரு சர்வேயர் வருவார் என்றும் சொல்லியிருந்தார்கள். அது எனக்கும் தெரிந்த விஷயந்தான். ஆனால் அன்று காலை என் மண்டையில் இருந்ததெல்லாம் வெயிலும் லென்ஸும் சுகந்தியும்.

துணிக்கு வெளியே ஓர் ஆண் குரல் கேட்டது. "சார், எங்க லயம் முழுக்க இதுல வருதுங்களா?"

கண்ணாடியில் லயம் தலைகீழாக அம்சமாகத் தெரிந்தது. "முழுக்க வருதுங்க. பன்னெண்டு வீடும்," என்றேன்.

"முன்னால இருக்க வெறும் எடம்?"

"அதுவும் வருதுங்க. ஓடை வரைக்கும்."

பிறகு ஓடுகிற காலடிச் சத்தம். சற்று நேரத்தில் என் முதுகுக்குப் பின்னால் ஒரு கதிரை வந்தது. இஞ்சி போட்ட பிளேன்டீ வந்தது. ஒரு தட்டு நிறைய பிஸ்கட் வந்தது. புகைப்படக் கலைக்கு மலையகத்தில் இவ்வளவு மரியாதை இருக்கிறதே என்று நெகிழ்ந்து போனேன். (மூன்று பிஸ்கட் தின்றேன். அந்தக் கணக்கை என் மனைவி இன்றைக்கும் மறக்கவில்லை.)

மறுபடி துணிக்குள் போனால், கண்ணாடியில் சனங்கள் தலைகீழாக நடமாடிக்கொண்டிருந்தார்கள். லயத்து வாசலிலிருந்து ஒவ்வொரு குடும்பமாக இறங்கி வந்து, அந்த வெறும் நிலத்தில் கொஞ்சம் கொஞ்சம் இடம் விட்டு நின்றார்கள். எல்லோர் கையிலும் கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலார்க் குச்சிகள். அவற்றை நாலு பக்கமும் நட்டார்கள். நடுவில் நின்றுகொண்டார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் ஒரு குடும்பத்தைக் கேட்டால் பன்னிரண்டு குடும்பம் நிற்கிறது, அதுவும் யாரோ ஓவியன் அடுக்கி வைத்த மாதிரி. ஒரு விநாடி அசையாமல் நிற்கச் சொல்லலாம் என்று துணியை விலக்கி வெளியே வந்தேன். பக்கத்தில் ஒரு மனிதர் அவசரத்தில் பித்தான்களை மாற்றிப் போட்ட வெள்ளைச் சட்டையோடு, கையில் ஒரு பைலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அசையாம நிக்கச் சொல்லிட்டேன் சார்," என்றார். "அசைஞ்சா அளவு தப்பிரும்ல."

அளவு.

ஸ்டேண்டின் சிவப்பையும் மஞ்சளையும் பார்த்தேன். குண்டைப் பார்த்தேன். என் கையில் இருந்த டேப்பைப் பார்த்தேன். என்னை யாரென்று நினைத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

நல்ல மனிதனாக இருந்தால் அந்த நிமிடமே வாயைத் திறந்திருப்பான். நான் கீழே பார்த்தேன். வெயில் சரியான கோணத்தில் விழுந்தது. கைக்குழந்தைகள்கூட அழவில்லை. கோயிலுக்கு முன்னால் நிற்கிறவர்களைப் போல ஒருவரும் இமை கொட்டாமல் நின்றார்கள். மேலே முகட்டில் மூடுபனி தலைகாட்டியது. இரண்டு நிமிடம் கழித்துச் சொன்னால் குடி முழுகிவிடுமா என்று நினைத்தேன். பிலிமைச் செருகினேன். ஷட்டர் கேபிளை அழுத்தினேன். ஒரு விநாடி. வாழ்நாளில் நான் செய்த மிகக் கேவலமான காரியத்துக்கு அவ்வளவு நேரம்தான் பிடித்தது.

கீழேயிருந்து ஓர் அக்கா, தன் குச்சிகளுக்கு நடுவில் நின்றபடியே கேட்டார். "சார், எங்களுக்கு எந்தப் பக்கம் சார் வருது?"

அதற்குமேல் என்னால் முடியவில்லை. நான் சர்வேயர் இல்லை, போட்டோ பிடிக்கிறவன், இது கமரா என்று சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை. பைல் வைத்திருந்தவர் அதைத் திரும்பிக் கீழே உரக்கச் சொன்னார். அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள். ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு சின்னப் பிள்ளை மட்டும் தான் நட்ட குச்சியைப் பிடுங்கப் போனது. அதன் அம்மா கையைப் பிடித்துத் தடுத்தார். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. மேட்டிலிருந்து உருண்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் குறுக்குப் பாதையில் குடையும் புத்தகப் பையுமாகச் சுகந்தி ஏறி வந்தாள். கதிரையைப் பார்த்தாள். பிஸ்கட் தட்டைப் பார்த்தாள். குச்சிகளுக்கு நடுவில் ஊரே நிற்பதைப் பார்த்தாள். பிறகு பைல் வைத்திருந்தவரிடம், மெதுவாக, "அப்பா, இவருதான் நான் சொன்னவரு," என்றாள்.

என் மானம் அப்போதுதான் முழுசாகக் கப்பலேறியது.

செல்லமுத்து ஐயா என்னைப் பார்க்கவில்லை. நேரே ஸ்டேண்டிடம் போனார். ஒரு காலைப் பிடித்து உலுக்கினார். தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார். குனிந்து கூரையும் மண்ணையும் பார்த்தார். அது அணுவளவும் அசையவில்லை. அவர் முகத்தில் கோபத்துக்குக் கீழே ஒரு மெச்சுதல் வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

"வச்ச எடத்துல நிக்கிது," என்றார். அதன் பிறகுதான் என் பக்கம் திரும்பினார். "நீங்க நிப்பீங்களா?"

"நிப்பேங்க," என்றேன். கால் இரண்டும் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தன.

அவர் கீழே நட்டிருந்த குச்சிகளைப் பார்த்தார். "இந்தப் படத்துல நாங்க நட்ட குச்சியெல்லாம் தெரியுமா?"

இந்தக் கமராவில் எடுத்தால் சட்டைப் பித்தானில் எத்தனை ஓட்டை என்றுகூட எண்ணலாம் என்றேன். (அவருடைய பித்தான்கள் மாறியிருந்ததைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.)

"அப்ப வீட்டுக்கு ஒன்னு வேணும். பன்னெண்டு. என்னைக்காச்சும் சர்வேயர் வந்தா, நாங்க நின்ன எடம் இதுதான்னு காட்டுறதுக்கு," என்றார். "இப்ப வாங்க. சாப்பிட்டுட்டுப் போங்க."

நம்பிக்கை உடைந்து பத்து நிமிடம் ஆகவில்லை. அதற்குள் அந்த மனிதர் என்னுடைய மோசடியிலிருந்து தன் சனத்துக்கு ஓர் அத்தாட்சியைப் பறித்து எடுத்துவிட்டார். அப்படிப்பட்ட ஆளை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. அன்று சோற்றுக்கு முன்னால் தலை குனிந்து உட்கார்ந்தபோது, இந்த மனிதரின் மகளைக் கட்டினால் வேறொன்றும் வேண்டாம் என்று தோன்றியது.

அந்தப் படம் நான் எடுத்ததிலேயே சிறந்த படம். இனி எடுக்கப் போவதிலும் அதுதான் சிறந்ததாக இருக்கும். பன்னிரண்டு பிரதியும் சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கல்யாணமும் நடந்தது. தாலி கட்டி முடிந்ததும் அன்று ‘எந்தப் பக்கம் சார்’ என்று கேட்ட அக்காவின் முதல் கேள்வி, "சர்வேயர் மாப்பிள்ளை, குண்டு எங்க?" என்பது. பெயர் அன்றே ஒட்டிக்கொண்டது.

போன வருடம் மாமாவிடமிருந்து போன் வந்தது. "மாப்பிள்ளை, நெசமான சர்வேயர் வந்திருக்காரு. ஆனா அவரு கொண்டு வந்த ஸ்டேண்டுல ஒரு காலு சரிவுல நிக்க மாட்டேங்குது, ஆடுது. நாளைக்கு வாறேங்குறாரு. நாளைக்குன்னு போனவங்கள நாங்க எத்தன பேரப் பாத்துட்டோம். நம்மளோடத எடுத்துட்டு ஒடனே வாங்க."

அரை நாள் லீவு போட்டு, த்ரீவீலரில் மூன்று கால்களையும் வெளியே நீட்டிக்கொண்டு ஹந்தானைக்கு ஏறினேன். சர்வேயர் இளைஞர். நான் செய்வித்த தகட்டைக் கழற்றிவிட்டுத் தன் கருவியை அந்தத் தடித்த திருகில் வைத்தார். அச்சொட்டாகப் பொருந்தியது. பொருந்தாமல் என்ன, அதற்காகவே செய்த கால்கள்தானே. கீழே பன்னிரண்டு குடும்பமும் படத்தைப் பார்த்துப் பார்த்து, நின்ற இடத்திலேயே போய் நின்றன. அசையத் தேவையில்லை என்று சர்வேயர் சொல்லியும் ஒருவரும் அசையவில்லை. என் மாமியார் மட்டும் தன் குச்சியை ஓர் அடி தள்ளி நட்டார். மாமாவே போய் அதைப் பிடுங்கிப் பழைய இடத்தில் நட்டார்.

அளந்தாயிற்று. பத்திரம் கைக்கு வரவில்லை, வருமென்கிறார்கள். ஸ்டேண்ட் மாமா வீட்டிலேயே நின்றுவிட்டது. எனக்குப் படம் எடுக்க வேண்டுமென்றால் அவரிடம்தான் கேட்டு வாங்க வேண்டும். விருந்தாளி யார் வந்தாலும் மாமா முதலில் அதை ஆட்டிக் காட்டுவார், பிறகு சுவரில் இருக்கும் படத்தைக் காட்டுவார், கடைசியாக என்னைக் காட்டுவார்.

"எங்க மாப்பிள்ளை பொய் சொல்லலங்க," என்பார். "சர்வேயரோட காலு மொதல்ல வந்துருச்சு. மிஷின்தான் நாலு வருஷம் பிந்தி வந்துச்சு."