சாயத்தைக் கிண்டிய பிரியாணிக் கரண்டி

ஷார்ஜாவில் ஏசிக் குளிரில் சொகுசாக இருக்கும் அருமை மருமகன் ரெஹானுக்கு, மயிலாப்பூர் வெயிலில் வெந்துகொண்டிருக்கும் மாமூ மெஹபூப் அலியின் அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மாமியும் நலம். என் முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் கேட்கிறது. இனி எழுதப்போவதை ஒருத்தரும் நம்பமாட்டார்கள். நீயும் நம்பாதே, ஆனால் படி.

உன் தங்கை சிம்ரா, கோபாலபுரத்துத் தொழிற்பள்ளியில் தையல் படிக்கும் பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிறாளே, கரும்பலகையைப் பார்த்தால் தூங்கிவிடுகிறார்கள் என்று துணிக்குச் சாயம் காய்ச்சியே பாடம் எடுக்கிறாள். முதல்வர் சுப்பராமன் சாருக்கு அது பிடிக்கவில்லை. நேரில் வந்து பார்ப்பேன், சரிப்படாவிட்டால் அடுப்பை மூட்டை கட்டு என்றுவிட்டார். பெரிய பாத்திரம் வேண்டுமென்று சிம்ரா கேட்டாள். ஊருக்கே கல்யாண பிரியாணி போட்ட என் தேக்சாவைத் தூக்கிக்கொண்டு போனேன். கடுக்காய்த்தூள் கொதித்தது, வெள்ளைத்துணி இளமஞ்சளாக ஊறியது. “மாமூ, தீய மட்டும் பாத்துக்குங்க, வேற ஒண்ணும் பண்ணாதீங்க” என்று சொல்லிவிட்டு அவள் சாரை அழைத்துவரப் போனாள். நீயே சொல், கொதிக்கிற தேக்சா முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது நம் பரம்பரையில் உண்டா? அடி பிடித்துவிடுமே என்று என் இரும்புக் கரண்டியை விட்டு ஒரு கிண்டு கிண்டினேன். மஞ்சள் கருத்தது, கருத்தது புகைந்தது, அந்தப் புகையைப் புயல் என்று நினைத்து நொச்சிக்குப்பத்துப் படகெல்லாம் கரை திரும்பின, கே.கே. நகரில் பட்டப்பகலில் தெருவிளக்கு எரிந்தது.

சார் துணியைத் தூக்கிப் பார்த்தார். “மஞ்சள்னு சொல்லிட்டு அமாவாசையைக் காட்டறேளேம்மா” என்றார். சிம்ரா என்னைப் பார்த்த பார்வையில் அடுப்பில்லாமலே இன்னொரு துணி வெந்திருக்கும். அப்போதுதான், போன பரீட்சையில் வேதியியலைக் கோட்டைவிட்ட தங்கபுஷ்பம் எழுந்தாள்.

“சார், கடுக்காயில துவர்ப்பு கீதே, அது இரும்போட சேந்தா கருப்பாயிடும். மாமூ கரண்டியில இன்னா துரு பாருங்க. வேற காய்ச்சி, மரக்குச்சியால கிண்டுனா மஞ்சளாத்தான் வரும். உங்க கர்ச்சீப்ப குடுங்க, காட்டறேன்.”

சார் கொடுத்தார். மஞ்சளாக வந்தது. அதில் பாதியை என் கரண்டியில் சுற்றிக் கருப்பாக்கியும் காட்டினாள். சார் மூர்ச்சையானார், எனக்கு விஞ்ஞானிப் பட்டம் சூட்டினார்கள், பாண்டி பஜாரில் யானைமேல் ஊர்வலம் விட்டார்கள்.

அல்லாஹ் உனக்கு நிறைந்த பரக்கத்தையும், உன் மனைவிக்கு உன்னைச் சகிக்கும் பொறுமையையும் தரட்டும்.

பி.கு.: புகை, புயல், பட்டம், யானை எல்லாம் புளுகு. சார் மூர்ச்சையாகவும் இல்லை. ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம்: பாதி மஞ்சளும் பாதி கருப்புமான அந்தக் கர்ச்சீப்பை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டவர், அடுத்த வாரம் என்ன கலர் என்று தங்கபுஷ்பத்தைக் கேட்டுவிட்டுத்தான் போனார்.