சனிக்கிழமை எறும்பு

திருமூர்த்தி பக்கத்து வீட்டுக் கனகத்துக்குத் தர வேண்டியது எண்ணூற்று எழுபது ரூபாய். மார்கழியில் கேஸ் சிலிண்டர் வாசலில் வந்து நின்றபோது அவசரத்துக்கு வாங்கியது. சனிக்கிழமை கூலி வந்ததும் தந்துவிடுகிறேன் என்றுதான் சொன்னான். எந்தச் சனிக்கிழமை என்று சொல்லவில்லை.

அவன் மனைவி குழந்தையம்மாளைப் பொறுத்தவரை அந்தக் கடன் பொங்கலுக்கே அடைந்துவிட்டது. மில்லில் கூட்டிப் பெருக்கிச் சேர்த்த காசை அவள்தான் எண்ணிக் கொடுத்தாள். காசு கனகத்தின் வாசல் வரை போனது. கதவு பூட்டியிருந்தது. அங்கிருந்து நேராக டாஸ்மாக் கடைக்குப் போய்விட்டது.

போத்தனூரில் அது ஆறு குடும்பம் இருக்கும் லைன் வீடு. இவனுக்கும் கனகத்துக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். கனகம் குழாயடியில் நின்றால் இவன் குளிக்காமலே வேலைக்குப் போனான்.

தை முடிந்து வெயில் ஏறியதும் எறும்பு வந்தது. நடுச்சுவரின் அடியில் இருந்த விரிசலிலிருந்து கிளம்பி, சிவப்பாகக் கோடு இழுத்ததுபோல அடுப்புமேடையில் ஏறி, அரிசி டப்பாவுக்குள் இறங்கியது. மற்ற நாளில் நாலைந்துதான் திரியும். சனிக்கிழமை சாயங்காலமானால் படையாக வரும். கூலி வாங்குகிற நாளைத் தெரிந்துகொண்டு வருகிறதே என்று திருமூர்த்தி சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"கனகக்கா ஊட்லயும் வருதான்னு ஒரு எட்டுப் போயிக் கேட்டுட்டு வாரேன்" என்றாள் குழந்தையம்மாள்.

"எறும்புக்கெல்லாம் போயி அவிங்களத் தொந்தரவு பண்ணலாமா? நீ இரு, நான் பாத்துக்கறேன்."

கனகம் வாய்விட்டுக் கேட்கிறவள் அல்ல. ஆனால் இரண்டு பெண்கள் உட்கார்ந்து எறும்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு சிலிண்டரில் போய் நிற்காது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

மஞ்சள்தூளைப் போட்டான். எறும்பு மஞ்சளைச் சுற்றிக்கொண்டு சாமி படத்துக்குப் போனது. மருந்து சாக்பீஸ் வாங்கிக் கோடு கிழித்தான். கோட்டை மதித்து, கட்டில் காலில் ஏறியது. அதுவும் இவன் படுக்கிற பக்கத்துக் காலில். பினாயிலைக் கொட்டினான். எறும்பு இரண்டு நாள் வரவில்லை. சோற்றில் பினாயில் வாடை ஒரு வாரம் போகவில்லை.

"கொத்தனாருக்குக் கையாளாப் போற மனுசன். ஒரு ஓட்டைய அடைக்க முடியலியே உங்களால" என்றாள் குழந்தையம்மாள்.

அது சுருக்கென்று தைத்தது. அடுத்த சனிக்கிழமை கூலியோடு ஒரு கவரில் சிமெண்டும் கொண்டுவந்தான். விரிசலை அப்படியே பூசினால் நிற்காது, சுரண்டிவிட்டுத்தான் பூச வேண்டும். முப்பது வருடமாகப் பார்த்த வேலை. உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினான். காரை உதிர்ந்தது. இன்னொரு தட்டு. செங்கல் ஒன்று முழுசாக நழுவி அந்தப் பக்கம் போய் விழுந்தது.

குனிந்து பார்த்தான். ஓட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கண் இருந்தது.

"ஏனுங்கண்ணா, என்னங்க தேடறீங்க?"

கனகத்தின் மருமகள் பூஜிதா. இத்தனை நாள் முகம் காட்டாமல் ஒளிந்தவன், அவர்கள் சமையலறைக்கே ஜன்னல் வைத்துவிட்டான்.

பூஜிதா நகர, கனகம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். திட்டவில்லை.

"நல்லா இருக்கீங்களா தம்பி? பாத்தே நாளாச்சுங்களே."

நாலு அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அந்த 'ங்க'வைத் தாங்க முடியவில்லை.

அவள் காலடியில், சுவரோரமாக, ஒரு கை நாட்டுச் சர்க்கரை கொட்டிக் கிடந்தது. அதன்மேல் எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. தான் மருந்து போட்டு விரட்டியதெல்லாம் இங்கே வந்துதான் குடியேறியிருக்கிறது, பாவம், எறும்பு ஏறிய சர்க்கரையைக் கொட்ட வேண்டியதாகிவிட்டது என்று திருமூர்த்திக்குப் பட்டது. காசும் தரவில்லை, எறும்பை அனுப்பினேன், இப்போது செங்கல்லையும் தள்ளிவிட்டேன். பின்னால் குழந்தையம்மாள் சிமெண்டுக்குத் தண்ணீர் மொண்டுகொண்டு நின்றாள். மூடி மறைக்க இனி ஒன்றும் இல்லை.

சட்டைப்பையிலிருந்து கூலியை எடுத்து எண்ணினான். எண்ணூற்று எழுபது. சர்க்கரைக்கு ஒரு முப்பது. ஓட்டை வழியாகக் கையை நீட்டினான்.

"அக்கா, சிலிண்டர் காசுங்க. தரவே இல்லீங்க நானு. எங்கூட்டு எறும்பு உங்க சக்கரையையும் பாழாக்கிப்போட்டுது, அதுக்கும் சேத்து இருக்குதுங்க. செவுத்தை நானே பூசிக் குடுத்தர்றேன்."

முதுகுக்குப் பின்னால் செம்பு கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"அப்பப் பொங்கலுக்கு நான் குடுத்தது?" என்றாள் குழந்தையம்மாள்.

திருமூர்த்தி முகத்தை ஓட்டையோடு ஒட்டியே வைத்திருந்தான். எடுத்தால் திரும்ப வேண்டும். திரும்பினால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

கனகம் நோட்டுகளை எண்ணி, முப்பது ரூபாயை மட்டும் ஓட்டை வழியே திருப்பி நீட்டினாள். "கடன் நேராயிருச்சுங்க தம்பி. சக்கரைக்கெல்லாம் காசு வேண்டாமுங்க" என்றவள், ஏனோ அவன் கண்ணைப் பார்க்கவில்லை.

பூஜிதாதான் சர்க்கரை டப்பாவை மூடியபடி சொன்னாள்:

"வராத காசு வரோணும்னா பதினோரு சனிக்கிழமை செவுத்தோரமா எறும்புக்குச் சக்கரை போடச் சொன்னாருங்களே ஜோசியரு, ஒம்பதாவது வாரத்துலயே வந்துருச்சு பாருங்க அத்தை."