ஜன்னலுக்கு இந்தப் பக்கம்

குடிநீர் ஆபீஸில் இரண்டாம் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும்வரை அவர் சிங்கம். குழாய் இணைப்புக்கு மனுவோடு வருகிறவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'நாளைக்கு சார்'. எதைக் கேட்டாலும் முதலில் அந்தச் சொல்தான் வாயிலிருந்து விழும். வந்தவர் கறுப்பா சிவப்பா என்று அவர் தலையைத் தூக்கிப் பார்த்ததே கிடையாது. பார்த்தால் இரக்கம் வந்து தொலைக்குமே என்று ஒரு முன்ஜாக்கிரதை.

அதே மனிதரை இன்னொரு ஆபீஸின் ஜன்னலுக்கு வெளியே நிறுத்தினால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே இருப்பவன் என்னென்ன செய்வான் என்று அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

அவர் மனைவி வீட்டு முன்னறையில் துணி தைத்துக் கொடுப்பவள். பள்ளிக்கூடச் சீருடைக்குப் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. மோட்டார் மெஷின் போட வேண்டும். அதற்குக் கூடுதல் கரண்ட் வேண்டும். வீடு அவர் பேரில். அவர் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டால்தான் காரியம் ஆகும்.

"ஏங்க, பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள தைச்சுக் குடுக்கலைன்னா ஆர்டர் வேற ஆளுக்குப் போயிடும்."

"இதெல்லாம் ஒரு வேலையா? உள்ள நுழைவேன், முடிச்சுட்டு வருவேன்" என்றார்.

திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டார். கரண்ட் ஆபீஸ் வாசல்வரை வீராப்பாகத்தான் போனார். வரிசையைப் பார்த்தார். எதிர்க்கடையில் டீ குடித்தார். வீட்டுக்கு வந்து, "அதிகாரி வெளியூர் போயிருக்காரு" என்றார். செவ்வாய்க்கிழமை இன்னொரு அரை நாள் லீவு, "கம்ப்யூட்டர் வேலை செய்யலை." புதன்கிழமையும் லீவு, "போட்டோவில காது தெரியலையாம்."

அந்த மூன்று நாளில் டீக்கடைக்காரருக்கு ஒரு வாடிக்கை கூடியது. மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை இரண்டாம் ஜன்னலில் ஒரு பெண் குரல் கேட்டது.

"சார், வீட்டுக்காரர் கையெழுத்து ஒண்ணு வேணும்."

"வீட்டுக்காரர் நேர்ல வரணும்மா" என்றார், குனிந்த தலை நிமிராமல்.

"நேர்லதான் உக்காந்திருக்காரு."

நிமிர்ந்தார். மனைவி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் வரிசையே சிரித்தது.

"நீ எப்ப வந்தே?"

"அப்பவே வந்தாச்சு. எனக்கு முன்னாடி நின்னவங்ககிட்ட அதிகாரி வெளியூர்னீங்க. அடுத்தவங்களுக்குக் கம்ப்யூட்டர். இந்தப் பெரியவருக்குக் காது. வீட்டுல சொன்னதை ஒரு எழுத்துகூட மாத்தலை. எழுந்திரிங்க, போகலாம்."

"ஆபீஸ் நேரம். இத்தனை பேர் காத்திருக்காங்க பாரு."

காது தெரியாத போட்டோவைக் கையில் பிடித்திருந்த பெரியவர் ஆறுதலாகச் சொன்னார்: "நீங்க போயிட்டு வாங்க தம்பி. நாங்க எப்படியும் நாளைக்குத்தானே வரப்போறோம்."

தன் ஆபீஸ் அதிகாரியிடம் லீவு கேட்கப் போனார். மறுத்துவிடுவார் என்ற நம்பிக்கையில்தான் போனார். வாயைத் திறக்குமுன் அதிகாரி தலையாட்டிவிட்டார்.

கரண்ட் ஆபீஸ் வரிசையில் மனைவி அவருக்குப் பின்னாலேயே நின்றாள், ஓட வழியில்லை. முன்னால் நின்றவர்கள் குறையக் குறைய அவர் வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஜன்னலுக்குள் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்து, "சொல்லுங்க சார்" என்றாள். சிரிக்கவும் செய்தாள். அதுவே அவருக்குச் சரியாகப் படவில்லை.

காகிதங்களைப் படித்தாள். முத்திரை குத்தினாள். "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க. சனிக்கிழமை ஆள் வருவாங்க."

அவர் நகரவில்லை. "அதிகாரி ஊர்ல இருக்காரா?"

"உள்ளதான் இருக்காரு."

"கம்ப்யூட்டர்?"

"ஓடுதே சார்."

"போட்டோவில காது சரியாத் தெரியலையே?"

"காதுக்கா சார் கரண்ட் குடுக்கறோம்?"

பயம் போய்விட்டது. அது எழுந்துபோன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. இப்படிக் கேட்டவர்களுக்கெல்லாம் கேட்ட உடனே கொடுத்தால், நாற்காலிக்கு என்ன மரியாதை?

வெளியே வந்ததும், "பாத்தியா, எப்படி முடிச்சேன்" என்றார்.

"பாத்தேன்" என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குப் போனாள்.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தன் ஆபீஸுக்குத் திரும்பினார். இரண்டாம் ஜன்னலில் ஈ காக்கை இல்லை. அவர் நாற்காலியில் பக்கத்து சீட்டு அம்மா உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

"வரிசை எங்கே?"

"எல்லாருக்கும் முடிச்சு அனுப்பியாச்சு சார். பெரியவர் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாரு, வெளியே போனதுக்கு."

அதிகாரி கூப்பிட்டார். "இந்த வாரம் முழுக்கப் பாத்துட்டேன். நீங்க இல்லாத நேரத்துலதான் இங்க வேலை நடக்குது. காலையில உங்க வீட்டம்மா வந்து கேட்டப்ப கொஞ்சம் யோசிச்சேன். இப்ப யோசனையே இல்லை."

"அவ என்ன சார் கேட்டா?"

"உங்களுக்குப் பாக்கியிருக்கிற லீவையெல்லாம் மொத்தமாக் குடுத்துடச் சொன்னாங்க. சீருடைக்குப் பட்டன் தைக்க ஆள் பத்தலையாம்."